வரிசையின் கடைசி ஆள்

எனக்கு மூக்கின் மேல் கோபம். என் மாணவர்களே இதைச் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. யாராவது பேய், சகுனம், தோஷம் என்று ஆரம்பித்தால் அந்தக் கோபம் மூக்கிலிருந்து நாக்குக்கு இறங்கிவிடும். நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். கேமரன் மலைக்கு மாற்றலாகி வந்தபோது குளிருக்குப் பயந்தேனே தவிர வேறு எதற்கும் பயந்ததில்லை.

வாரநாட்களில் பள்ளியில் கூடுதல் கணிதம் சொல்லிக் கொடுப்பேன். சனிக்கிழமை காலைகளில், பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலைக்கு உள்ளே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பள்ளி இறுதித் தேர்வெழுதும் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு. தோட்டத்து அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் கிராணி அதற்காக எங்களுக்குப் பழைய ஆயாக் கொட்டகையைத் திறந்துவிட்டிருந்தார். கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள் ஒரு காலத்தில் கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப் போன பலகைக் கட்டடம் அது. உத்தரத்தில் தொட்டில் கொக்கிகள் இன்னும் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றுக்குக் கீழேதான் எங்கள் பெஞ்சுகள். பின்பக்கம், ஆயா பால் காய்ச்சிய சின்ன அறை ஒன்று எப்போதும் சாத்தியே கிடக்கும்.

காற்றே இல்லாத நாளிலும் அந்தக் கொக்கிகளில் ஒன்றிரண்டு லேசாக ஆடும். பலகைத் தரை, யாராவது நடந்தால் உத்தரம் அதிரும் என்று நான் விளக்கம் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் ஆடும் கொக்கிக்கு நேர் கீழே யாரும் உட்கார மாட்டார்கள்.

நான் சொல்ல வந்தது அந்த வகுப்பில் படித்த ஒரு பெண்ணைப் பற்றி. அதிகம் பேசாதவள், கணக்கில் கெட்டிக்காரி. அப்பா, அம்மா, முதலாம் ஆண்டு படிக்கும் ஏழு வயதுத் தங்கை, அப்பாவின் அண்ணனான பெரியப்பா என்று லயன் என்னும் தோட்டத்து வரிசை வீட்டில் ஐந்து பேர். பெரியப்பா கல்யாணம் செய்துகொள்ளாதவர். தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டியவர். லோரியில் இடம் இருந்தால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் பஸ் நிற்கும் இடத்தில் விடுவார். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். மறுநாள் மதியம் எடுத்தார்கள். வகுப்புக்காகப் போன நான் சாவு வீட்டில் போய் உட்கார்ந்தேன்.

சனிப்பிணம் தனிப்போகாது என்பார்கள். சனிக்கிழமை போகும் பிணம் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டுதான் போகும் என்று நம்பிக்கை. அதனால் ஓர் உயிருள்ள கோழியைக் கூட அனுப்பிவிடுவார்கள். இதற்கு அந்தத் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. மூடி போட்ட கூடையில் கோழியை வைத்து, சிவப்புக் கயிற்றால் முடிச்சுப் போட்டு, பெட்டியின் கால்மாட்டில் கட்டிவிடுவார்கள். குழியருகே கூடையை வைத்துவிட்டு எல்லாரும் திரும்பி நடப்பார்கள். கடைசியாக வருபவர் மட்டும், உள்ளே பார்க்காமல், முடிச்சை அவிழ்த்துவிட்டு வருவார். கோழி எப்போது வெளியே வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் சாவு வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்ற அளவுக்கு அறிவு இருந்ததால் சும்மா இருந்தேன். பனி இறங்கி இருந்ததால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் முதுகு லயன் திருப்பத்திலேயே மறைந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை வரிசை மாற்றம் பாடத்தைத் தொடங்கினேன். இதை நான் கரும்பலகையில் தொடங்குவதில்லை. ஐந்து பேரை எழுப்பி வரிசையாக நிறுத்துவேன். இடம் மாறச் சொல்வேன். மறுபடி மாறச் சொல்வேன். கால் வலிக்க ஆரம்பித்ததும், "இன்னும் எத்தனை விதமா நிக்கலாம்?" என்று கேட்பேன். நூற்றிருபது என்று தெரிந்ததும் எல்லாரும் சூத்திரத்தை ஆசையோடு எழுதிக்கொள்வார்கள்.

அன்று அந்தப் பெண்ணும் வரிசையில் இருந்தாள். எத்தனை தடவை மாற்றினாலும் அவள் நகர்ந்து நகர்ந்து கடைசி இடத்துக்கே, பால் அறைக் கதவுக்குப் பக்கத்தில், வந்து நின்றாள். நான் முதலில் கவனிக்கவில்லை. கவனித்ததும் அதையே பாடமாக்கினேன்.

"சரி, இவ கடைசிய விட்டு நகர மாட்டாளாம். இப்படி ஒரு நிபந்தனை வந்தா என்ன செய்யணும்? முதல்ல அவளை அந்த இடத்துல வெச்சிடு. மிச்சம் நாலு பேரத்தான் மாத்தணும். இருபத்து நாலு. நிபந்தனை உள்ள ஆள முதல்ல உக்கார வை, அப்புறம் மத்தவங்களப் பாரு."

அவள் தலையாட்டினாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சாத்திய அறைக்குள் பலகையை யாரோ நகத்தால் கீறுவது போல. நின்றது. மறுபடி கீறியது. பிறகு, குழந்தை தூக்கத்தில் முனகுவது போல, தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம்.

பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டார்கள். எப்போதும் வாய் ஓயாத பையன் ஒருவன், "டீச்சர், பெரியப்பா வந்துட்டாரு லா," என்றான். சிரிப்பதற்காகத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கதவை நோக்கி நடந்தேன். அந்தப் பெண் குறுக்கே வந்து நின்றாள்.

"எலி டீச்சர். நான் பாத்துக்கிறேன்."

முகத்தில் ரத்தமே இல்லை. பெரியப்பாவை இழந்த துக்கம் என்று நினைத்தேன். எலி என்றால் எனக்கும் அருவருப்புதான். அதோடு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த முனகலைக் கேட்டபோது அண்ணாந்து கொக்கிகளைப் பார்த்தவள் நான்தான். கதவைத் திறக்க எனக்கு அவ்வளவாக மனமில்லை. வகுப்பைச் சீக்கிரமே முடித்துவிட்டேன்.

வெளியே போகும்போதும் அவள் கடைசியாகவே போனாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே அந்த ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். மற்றவர்கள் அவளை முன்னால் விட்டார்கள். அவள் செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்து, எல்லாரும் போன பிறகு எழுந்து நடந்தாள். பள்ளியிலும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. சபைகூடலிலும் கடைசி, சிற்றுண்டிச் சாலையிலும் கடைசி, பஸ்ஸில் ஏறுவதிலும் கடைசி.

அதற்கடுத்த வாரம் சேர்மானம். வரிசை முக்கியம் என்றால் ஒரு கணக்கு, யார் யார் என்பது மட்டும் முக்கியம் என்றால் வேறு கணக்கு. அந்தச் சனிக்கிழமை பனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்திருந்தது, பின் பெஞ்சு மங்கலாகத் தெரிந்தது. பத்துப் பேரில் மூவரை எடுப்பது, பத்துப் பேரில் ஒருவரை எடுப்பது என்று போய், பத்துப் பேரில் பத்துப் பேரையும் எடுக்க எத்தனை வழி என்று கேட்டேன்.

"ஒரே வழிதான் டீச்சர்," என்றான் அந்த வாயாடி. கொஞ்சம் யோசித்தான். "எங்க லயன்ல இருக்கறவங்க மாதிரி. எப்படியும் எல்லாரும் போய்த்தான் ஆகணும். வரிசைதான் தெரியல."

யாரோ அவன் தலையில் தட்டினார்கள். நானும் திட்டினேன், ஆனால் விடை சரி. கரும்பலகையில் ஒன்று என்று எழுதும்போது சுண்ணாம்புக் கட்டி முறிந்தது. ஈரத்தில் சுண்ணாம்பு முறிவது அங்கே வழக்கம்தான்.

பிறகு அந்தப் பெண் கை தூக்கினாள். அவள் கேள்வி கேட்பதே அபூர்வம் என்பதால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"டீச்சர், ஒரு வீட்ல நாலு பேரு. ஒருத்தர எடுக்கணும். குறிப்பிட்ட ஒரு ஆளத்தான் எடுக்கணும்னு நிபந்தனை போட்டா, மத்த மூணு பேர்ல யாரையாச்சும் எடுக்க வழி இருக்கா?"

"எங்கிருந்து வரும்? வேண்டியது ஒரு ஆளு. நிபந்தனை உள்ள ஆள முதல்ல உள்ள அனுப்பியாச்சு. மத்த மூணு பேரத் தொட வேண்டிய அவசியமே இல்ல. மொத்தம் ஒரே வழி."

"மத்தவங்களத் தொடவே முடியாது, இல்ல டீச்சர்?"

"தொடவே முடியாது," என்றேன். "நல்ல கேள்வி. எல்லாரும் எழுதிக்குங்க."

அவள் சிரித்தாள். பெரியப்பா போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஒரு பாரம் இறங்கிய சிரிப்பு.

வகுப்பு முடிந்து கிளம்பும்போது மற்ற பிள்ளைகள் சொன்னார்கள், அவள் தங்கைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று. பாவம் என்று நினைத்துக்கொண்டே காரை எடுத்தேன். கியா பார்ம் சந்தை வந்ததும் வழக்கம்போல மாட்டிக்கொண்டேன். ஸ்ட்ராபெரி வாங்க வந்தவர்களின் கார்கள் மேலும் கீழும் அடைத்துக்கொண்டு நின்றன. முன்னால் ஒரு பஸ். அதன் பின் கண்ணாடி வழியாக ஒரு குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

வேறு வேலை இல்லாததால் அவள் கேட்ட கணக்கைப் பாராட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வீட்டில் நாலு பேர். பாடநூலில் எப்போதும் ஒரு குழுவில் பத்துப் பேர், ஒரு சங்கத்தில் பன்னிரண்டு பேர் என்றுதான் வரும். ஒரு வீட்டில் நாலு பேர் என்று வந்ததில்லை. அவள் வீட்டில் பெரியப்பா போன பிறகு எத்தனை பேர்? அப்பா, அம்மா, தங்கை, அவள்.

எடுக்கப்பட வேண்டிய அந்த ஒருவராக அவள் தன்னையே நிறுத்திக்கொண்டிருக்கிறாள். அவள் கடைசி கடைசியாகப் போய் நின்றதெல்லாம் கண் முன்னே வந்தது. மத்தவங்களத் தொடவே முடியாது, இல்ல டீச்சர்? தொடவே முடியாது என்று சொன்ன வாய் என் வாய். நெரிசலில் எப்படித் திருப்பினேன் என்று தெரியவில்லை. ஹார்ன் அடித்தார்கள், கத்தினார்கள், காய்கறிக் கடைக்காரர் ஒருவர் கையை ஓங்கினார். நான் திருப்பிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

ஆயாக் கொட்டகை திறந்திருந்தது. பால் அறைக் கதவும் திறந்திருந்தது. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கோழி. சிவப்பும் கறுப்புமான பெட்டைக் கோழி, ஒரு காலில் கயிறு. என்னைப் பார்த்ததும் தொண்டைக்குள்ளேயே முனகியது.

"இது எம் கோழி டீச்சர்," என்றாள். "குஞ்சிலேர்ந்து நான் வளத்தது. கூடையில வெச்சிக் கட்டிட்டாங்க. எல்லாரும் அழுதுட்டு இருந்தப்ப வெளிய எடுத்துட்டேன். கூடை லேசா இருந்தா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு ஒரு கோபிஸ வெச்சி மூடிட்டேன்."

கோபிஸ் என்றால் முட்டைகோஸ். இந்த மலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் அடுப்படியில் ஒன்று உருண்டு கிடக்கும். ஒரு மனிதரை அவருடைய கடைசிப் பயணத்தில் ஒரு முட்டைகோஸைத் துணை சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். வேறு எங்காவது கேட்டிருந்தால் நான் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

"பெரியப்பா தனியா போயிட்டாரு. அவரு நல்லவரு டீச்சர். ஆனா திரும்பி வந்து ஒருத்தரக் கூட்டிட்டுத்தான் போவாரு. பாப்பாவுக்குக் காச்ச வந்துருச்சு. அதுக்கு அவரு மேல ரொம்ப ஆசை, கூப்பிட்டா போயிடும். நான் பின்னாலயே நடந்தா, பின்னாலேர்ந்து வர்றவரு முதல்ல என் கையத்தான பிடிப்பாரு?"

கோபம் வந்தது. எனக்கு வேறு என்ன வரும்? படித்த பெண்ணா நீ, தேர்வை வைத்துக்கொண்டு இது என்ன கூத்து, உன் தங்கைக்கு வந்தது கிருமி என்று கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டே கோழியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான டீச்சர் சொன்னீங்க. நிபந்தனை உள்ள ஆள முதல்ல அனுப்பணும்னு."

 அவளிடம் எந்த நியாயமும் எடுபடாது என்று புரிந்தது. அவள் பயத்தில் உளறவில்லை. பயத்தைத் தாண்டி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள், அந்த முடிவுக்குக் கணக்கு நான் போட்டுக் கொடுத்திருந்தேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். எந்த முறை தவறியதோ அந்த முறையை ஒழுங்காகச் செய்து முடிப்பதைத் தவிர எனக்கு ஒரு வழியும் தோன்றவில்லை. நம்பிக்கை இல்லாத நான்தான் சொன்னேன், "எழுந்திரு. கோழியக் கொண்டுபோய் விட்டுட்டு வருவோம்," என்று.

கோழியை இறுக்கிக்கொண்டாள். தங்கையை நினைத்தாளோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் எழுந்தாள்.

இடுகாடு தேயிலைக்கு மேலே, காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. மதியம்தான், ஆனால் பனியில் மணி தெரியவில்லை. நான் முன்னால் நடந்தேன், அவள் கோழியோடு பின்னால் வந்தாள். மேட்டின் மேல் மாலைகள் கறுத்துப்போய்க் கிடந்தன. கூடை வைத்த இடத்திலேயே இருந்தது. சிவப்புக் கயிறு அவிழ்ந்து கிடந்தது. மூடி மட்டும் அழகாக மூடியிருந்தது.

திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரே ஒரு இறகு.

"கோபிஸ் எங்க டீச்சர்?"

"காட்டுப்பன்னி தின்னுருக்கும்."

"பன்னி மூடிய மூடி வைக்குமா?"

"பேசாம கோழிய வை," என்று அதட்டினேன். இறகு கோழியுடையதுதான், முதலில் அது அந்தக் கூடையில்தானே இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் கோழியின் காதருகே ஏதோ சொல்லி உள்ளே வைத்தாள். மூடி, பழைய கயிற்றாலேயே முடிச்சுப் போட்டோம். இனி ஒருவர் முன்னால் நடக்க வேண்டும். ஒருவர் முடிச்சை அவிழ்த்துவிட்டுக் கடைசியாக வர வேண்டும். இரண்டு பேர், இரண்டே விதம்.

"நான் வர்றேன் டீச்சர் கடைசியா."

"நீ முன்னால போ."

"என் கோழி டீச்சர்."

"போடீ முன்னால!" என்று கத்தினேன். அதுவரை நான் எந்த மாணவியையும் டீ போட்டதில்லை. அவள் நடந்தாள். நான் கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் விட்டு, தடவித் தடவி முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே அசைவே இல்லை.

அந்தப் பாதையில் இறங்கும்போதுதான் கடைசி இடம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. முன்னால் ஒரு முதுகு இருக்கிறது. பின்னால் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை முதுகு முழுக்கச் சுமக்க வேண்டும். இந்தச் சின்னப் பெண் இதை இத்தனை நாளாக ஒவ்வொரு வரிசையிலும் சுமந்திருக்கிறாள். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதோடு சேர்ந்து மண்ணில் தத்தித் தத்தி ஒரு காலடி கேட்டது.

"கோழியா டீச்சர்?"

"கோழிதான். திரும்பாதே."

பனி கனத்தது. ஒரு கை நீளத்துக்கு முன்னால் இருந்த அவள் பின்னலே அவ்வப்போது மறைந்தது. அவள் பயந்து, சில அடிக்கு ஒரு தடவை, "டீச்சர், வரீங்களா?" என்று கேட்டாள். "வரேன்," என்றேன். கொஞ்சம் போனதும் மறுபடி, "டீச்சர், வரீங்களா?" "வரேன்." காலடி இப்போது தத்தவில்லை. சீராக, செருப்புப் போட்ட கால் போல வந்தது. என் வாய் உலர்ந்து ஒட்டிக்கொண்டது.

"டீச்சர், வரீங்களா?"

"வரேன்," என்று பதில் வந்தது. நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பக்கத்தில், என் காதுக்குப் பின்னாலேயே கேட்டது. கிட்டத்தட்ட என் குரல்தான். அவள் அதைக் கேட்டு நிம்மதியாக நடந்துகொண்டிருந்தாள். அவளைத் தள்ளிவிட்டு முந்திக்கொண்டு ஓடிவிடலாம் என்று என் உடம்பு முழுக்க ஒரு வெறி எழுந்தது. ஓடவில்லை. எப்படி ஓடாமல் இருந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "நான்தான் வரேன், நான்தான், முன்னால பாத்து நட," என்று வாய் ஓயாமல், மந்திரம் போல, லயன் குழாயடி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். கால் கழுவிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பனிதான் இருந்தது.

அன்று மாலை அவள் அம்மா போன் செய்தார். காய்ச்சல் இறங்கிவிட்டது, பாப்பா கஞ்சி கேட்கிறாள் என்று. மருந்து வேலை செய்திருக்கிறது. நான் அப்படித்தான் நம்புகிறேன். அந்தப் பெண் தேர்வெழுதினாள், கணக்கில் முதலாவதாக வந்தாள். இப்போது கீழே, வெயில் ஊரில், கால்நடைகள் சம்பந்தமாகப் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கோழி திரும்பி வரவே இல்லை.

சனிக்கிழமை வகுப்பு இன்னும் நடக்கிறது. வரிசை மாற்றத்துக்கு இப்போதெல்லாம் நான் பிள்ளைகளை நிறுத்துவதில்லை, புத்தகங்களை அடுக்கிக் காட்டுகிறேன். வகுப்பு முடிந்ததும் எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டு நான் கடைசியாகப் பூட்டிக்கொண்டு வருவேன். அந்த இடத்தை வேறு யாருக்கும் விடுவதில்லை. பனி நாட்களில் முன்னால் போகும் பிள்ளை யாராவது, "டீச்சர், வரீங்களா?" என்று கூப்பிடும்.

பதில் சொல்ல நான் ஒரு கணம்கூடத் தாமதிப்பதில்லை.